ஏழு இலக்கத்தில் ஒரு வீட்டு வாசல்

அந்த யோசனை தோன்றியபோது என் கையில் பாதி சுரண்டிய ரீசார்ஜ் கார்டு ஒன்று இருந்தது. 2005. மார்த்தாண்டத்தில் ஒரு மொபைல் கடை வாசலில் நின்று, கார்டின் இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு அம்பாசடர் வந்து நின்றது. மேல் கேரியரில் கயிறு போட்டு இறுக்கிய அட்டைப்பெட்டிகள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து வருகிற வண்டி என்று பார்த்ததுமே தெரியும்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, கல்லுவிளைக்கு எப்படிப் போகணும் என்று கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லாமல் கேள்வி கேட்டார். எந்தக் கல்லுவிளை? சிலுவைக் குருசடி நிற்கிற கல்லுவிளையா, அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கல் இருக்கிற கல்லுவிளையா, ரப்பர் ஷீட் அடிக்கிற கல்லுவிளையா? டிரைவர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் இருந்தவர் கூச்சத்தோடு சொன்னார்:

"எனக்கும் தெரியாதுண்ணே. வீடு கெட்டினப்ப நான் சவுதியில, தமாம்ல. இனிதான் பாக்கப்போறேன்."

அவர் வழி தேடியது தன் சொந்த வீட்டுக்கு.

பதினான்கு இலக்கத்தை அழுத்தி முடித்தேன். போனில் காசு ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு கணக்குக்கு இந்த இலக்கங்கள் பிசகாமல் போய்ச் சேர்கின்றன. இந்த மனிதரோ வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டுக்குப் போகக் கடை கடையாக நிற்கிறார். வீட்டுக்கும் இப்படி ஒரு எண் இருந்தால் என்ன? அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறம் கட்டம் போட ஆரம்பித்தேன். நிறுத்தப் பத்து வருஷம் ஆயிற்று.

எங்கள் கால் டாக்சி கம்பெனியில் இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள், பழைய கல்யாண அழைப்பிதழ்களின் அடியில் அச்சாகியிருக்கும் ஏழு இலக்கம் போன் நம்பரும் இல்லாமல் பின்கோடும் இல்லாமல் என்னதான் என்று கேட்டார்கள். முப்பத்தொரு வயதில் ரிட்டயர் ஆனவள் நான் ஒருத்திதான் இருப்பேன். எழுதித் தாங்க அக்கா என்றார்கள். எழுதுகிறேன்.

நான் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணக்கு படித்தவள். டீச்சர் டிரெயினிங் போ என்று வீட்டில் சொன்னார்கள். போய் நாலாம் நாள் திரும்பி வந்தேன். அடுத்த வாரம் டாக்சி கம்பெனியில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி பிலோமினா சிஸ்டர். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பதினாறு வருஷம் குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை செய்து, வந்ததும் ஆறு கார் வாங்கி ஓட்ட ஆரம்பித்தவர். ஏர்போர்ட்டிலிருந்து ஆட்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் முக்கியமான தொழில்.

சிஸ்டருக்குக் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வாட்சை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். எந்த எண்ணைச் சொன்னாலும் உடனே, "திருப்பிச் சொல்லு," என்பார். மருந்தின் அளவைத் திருப்பிச் சொல்லாமல் ஊசியைத் தொடக்கூடாது என்பது அவர் பழகிய பழக்கம். சாயா வாங்கிவரப் போகிறவன்கூட, "அஞ்சு சாயா, ரெண்டு சீனியில்லாம," என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

என் கட்டத்தை அவரிடம் காட்டினேன். மாவட்டப் படத்தின் மேல் நூற்றுக்கு நூறு கட்டம். ஒரு கட்டம் ஏறக்குறைய அறுநூறு மீட்டர். மேற்கிலிருந்து எத்தனையாவது, தெற்கிலிருந்து எத்தனையாவது என்று நாலு இலக்கம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பத்துக்குப் பத்தாகக் குட்டிக் கட்டம். அதற்கு இரண்டு இலக்கம். ஏழாவது இலக்கம் காவல்காரன். முதல் இலக்கத்தை ஒன்றாலும் அடுத்ததை இரண்டாலும் என்று ஆறு வரை பெருக்கிக் கூட்டி, வருகிற தொகையின் கடைசி இலக்கத்தை ஏழாவதாக வைப்போம். போனில் யாராவது இரண்டு இலக்கத்தை முன்பின் மாற்றிச் சொன்னால் கணக்கு உதைக்கும், திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் காவல்காரனைச் சொன்னதும் சிஸ்டர் முதல்முறையாகப் படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

வளைகுடாவில் பழக்கமான ஒருவர் மூலம் நாலு ஜி.பி.எஸ். மெஷின் வரவழைத்தார். அவருடைய சொந்தச் சேமிப்பு. எங்கள் ஊர் ரோடு எதுவும் அந்த மெஷினில் கிடையாது. நான் அதை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனால் போன தடம் கோடாக விழும். அந்தக் கோடுதான் எங்களுக்கு ரோடு. முன்பதிவு செய்த வீட்டுக்குப் போவேன், ஸ்கூட்டியை நிறுத்துவேன், நிறுத்திய இடத்தில் பொத்தானை அழுத்துவேன், அங்கிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை காலடி என்று நடந்து எண்ணுவேன், படிவத்தில் எழுதுவேன். நாற்பது காலடிக்கு மேல் போனால் செல்லாது என்றார் சிஸ்டர். இரண்டு பெட்டியோடு வருகிறவன் நாற்பது காலடிதான் நடப்பானாம்.

அந்த நாட்களைப் போல் சந்தோஷமான நாட்கள் எனக்கு அதற்கு முன் இல்லை. போகிற இடமெல்லாம் என்னை வேறு யாராகவோ நினைத்தார்கள். கரண்டு ஆப்பீஸ் என்று நினைத்து பில்லை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கணக்கெடுப்பு என்று நினைத்துப் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு அம்மா என் மெஷினைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பிரஷர் பார்த்துச் சொல்லணும் என்று கையை நீட்டினார். சுசீந்திரம் பக்கம் வயல் நடுவே நின்று எண்ணைப் படித்துக்கொண்டிருந்தபோது, நடவு செய்துகொண்டிருந்த பெண்கள் என் எண்ணுக்கு ஒத்துப் பாடிக் கிண்டல் செய்தார்கள்.

டிரைவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. முக்கியமாக செல்லப்பண்ணனுக்கு. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். வழி கேட்பது அவருக்கு ஒரு கலை. யாரிடம் கேட்க வேண்டும், யாரிடம் கேட்டால் கதை நீளும் என்றெல்லாம் தெரிந்தவர். மெஷினைக் காரில் பொருத்திய அன்று என்னிடம் வந்து, "ஏட்டி, எனக்க மாமியாருக்கும் ஒரு நம்பர் போடுவியா? அந்தப் பக்கம் போகாம இருக்கலாமே," என்றார்.

சிஸ்டர் நிபந்தனை போட்டார். மூன்று மாதம். மெஷின் பொருத்திய நாலு காரும் யாரிடமும் வழி கேட்கக்கூடாது. அதற்குள் ஒரே ஒரு பயணியாவது வீட்டு வாசலில் இறங்க முடியாமல் நின்றால், அன்றைக்கே மெஷின்களைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடுவார். நான் மறுபடி போன் எடுக்கலாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் திருப்பிச் சொன்னேன்.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. மூன்றாம் மாதம் ரெஜின் வந்தான்.

ரெஜின் ஜித்தாவில் ஏ.சி. மெக்கானிக். ஐந்து வருஷமாக ஊருக்கு வரவில்லை. அந்த ஐந்து வருஷத்தில் அவன் அனுப்பிய பணத்தில்தான் சானல்கரையில், அதாவது பாசன வாய்க்கால் கரையில், புது வீடு எழுந்திருந்தது. அவன் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தான். தங்கை ஜினிக்குக் கல்யாணம். காலை பத்தரைக்குச் சர்ச்சில். கல்யாணச் சேலை அவன் பெட்டியில் வந்துகொண்டிருந்தது. விமானம் ஏழு மணி நேரம் முன்னால் இறங்கியிருக்க வேண்டியது, தாமதம். எட்டு மணிக்குத்தான் வெளியே வந்தான்.

மேற்குப் பக்கத்துச் சவாரிகளில் அவ்வப்போது நானும் கூடப் போவேன். அன்று முன் சீட்டில் இருந்தேன். செல்லப்பண்ணன் 1743065 என்று அடித்தார், திருப்பிச் சொன்னார், கிளப்பினார். களியக்காவிளை தாண்டியதும் ரெஜின் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். எந்தப் புது வீட்டைப் பார்த்தாலும், இதா அண்ணே, இதா அண்ணே என்று கேட்டான். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு மெஷின் கூவியது. வந்து சேர்ந்தாயிற்று.

வீடு எதிரே இருந்தது. இளம்பச்சைப் பெயின்ட், வாசலில் பந்தல், குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. எல்லாம் சரி. நடுவே சானல் ஓடிக்கொண்டிருந்தது. மதகு திறந்த புதிது. இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர்.

செல்லப்பண்ணன் எஞ்சினை அணைத்தார். "மோளே, உனக்க நம்பர் என்னைத் தண்ணிக்குள்ள எறங்கச் சொல்லுகு."

நான் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். இந்தக் கரையில் ஸ்கூட்டியை நிறுத்தி இருபத்தெட்டு காலடி எண்ணியிருக்கிறேன். சானலின் குறுக்கே ஒரு தென்னந்தடி கிடந்தது. அதன் மேல் நடந்துதான் போனேன். நானும் சானல்கரையில் பிறந்து வளர்ந்தவள். ஒற்றைத் தடியில் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போனவள். எங்களுக்குத் தடி ஒரு பாலமே இல்லை. அது முற்றத்தின் பாகம். அந்த வீட்டு அம்மாவும் என்னிடம், ரோடு வாசல்லயேதான் இருக்கு மக்களே என்றுதான் சொன்னார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இருவர் கண்ணுக்கும் தண்ணீர் தெரியவில்லை.

இன்று அந்தத் தடியும் இல்லை. அக்கரையில் ரெஜினின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"தடி பந்தலுக்குக் காலா நிக்குது மக்கா. நேத்துக் காத்துல சாஞ்சிட்டு, அதான் எடுத்து முட்டுக் குடுத்தோம்."

அதை உருவு என்று ஒருவர் சொன்னார். உருவினால் பந்தல் சாம்பாரில் விழும், அப்புறம் என்னைக் குறை சொல்லாதே என்று சமையல்காரர் கரண்டியோடு நடுவில் வந்து நின்றார். ஜினி தலை நிறையப் பூவும் பழைய நைட்டியுமாக வெளியே வந்தாள். அண்ணனை ஐந்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். அவள் முதலில் சொன்னது இதுதான்: "சேலை நனையப்பிடாது, கேட்டியா."

ரெஜின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிமுதல் மாடி வரை மெதுவாகப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பி, போட்டோவில் வருவதைவிட நல்ல பச்சை என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றினான்.

வழி கண்டுபிடித்தது அந்தச் சமையல்காரர்தான். பாயசம் காய்ச்சக் கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய வார்ப்புப் பாத்திரத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டார். நாலு பேர் சேர்ந்து தூக்குகிற வெண்கல வார்ப்பு, தண்ணீரில் அன்னம் மாதிரி நின்றது. இரண்டு இளவட்டங்கள் நீந்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சேலைப்பெட்டி உள்ளே ஏறியது. ரெஜின் கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு கையால் வார்ப்பைப் பிடித்தபடி, ஜித்தாவிலிருந்து கிளம்பிய அதே பேன்ட்டோடு, தன் வீட்டுக்குப் போனான். அக்கரையில் குலவையிட்டார்கள். குழாயில் பாட்டை நிறுத்திவிட்டு யாரோ மைக்கில், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் மச்சான் கப்பலில் வந்துவிட்டார் என்று அறிவித்தார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பயணி வாசலில் இறங்கவில்லை. சிஸ்டர் சொன்னது நடந்துவிட்டது.

பெட்டிகள் இன்னும் காரில் இருந்தன. இனி நான் செய்யக்கூடியது ஒன்றுதான். கிழக்குக் கரையை வேறொரு நாள் வேறொரு வீட்டுக்காகப் பதிந்திருந்தேன். கோடு மெஷினில் இருக்க வேண்டும். வடக்கே ஐந்து கட்டம் போனால் பாலம், பிறகு அதே ஐந்து கட்டம் திரும்பி வர வேண்டும். ஏழு கிலோமீட்டர். செல்லப்பண்ணனிடம், 1748-க்கு விடுங்க என்றேன். அவர் திருப்பிச் சொல்லிவிட்டுக் கிளப்பினார்.

பாலம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே ஒருவர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். செல்லப்பண்ணனின் கை தானாகவே கண்ணாடியை இறக்கியது. முப்பது வருஷப் பழக்கம். குடைக்காரரும் வழி சொல்லத் தயாராக வாயைத் திறந்துவிட்டார். செல்லப்பண்ணன் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்து, இடது என்றேன். அவர் குடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றி, இடது பக்கம் ஒடித்தார். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பத்து முப்பத்தொன்றுக்குப் பந்தல் வாசலில் போய் நின்றோம். ஜினி சேலை உடுத்தி வெளியே வந்தாள். பிடித்து வைத்திருந்த கார் மாப்பிள்ளையின் சித்தப்பாவை ஏற்றப் போனது இன்னும் வரவில்லையாம். எங்கள் காரிலேயே பெண்ணும் அண்ணனும் ஏறினார்கள். ரெஜின் யாருடைய வேட்டியையோ கட்டியிருந்தான், தலை சொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் ஏறுவதற்கு முன் நான் காரின் கதவைத் திறந்து பிடித்து, அங்கிருந்து வாசல்படி வரை எண்ணினேன். ஆறு காலடி. பொத்தானை அழுத்தினேன். 1743160. பழைய எண்ணுக்கு ஒரே ஒரு குட்டிக் கட்டம் கிழக்கே.

சர்ச் வாசலில் பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரெஜினின் தலையைப் பார்த்தார், திரும்பி உள்ளே நடந்தார்.

சாயங்காலம் ஆப்பீஸ். படிவத்தை சிஸ்டர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இருபத்தெட்டு காலடி. இதுல எத்தனை தரையில?"

"பத்தொன்பது, சிஸ்டர்."

"பாக்கி?"

"தடியில."

அவர் மேஜையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வெளியே வைத்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. அந்த நேரம் செல்லப்பண்ணன் கையில் பாயசத் தூக்கோடு உள்ளே வந்தார். ரெஜின் வீட்டில் கொடுத்தனுப்பியது. தூக்கை வைத்துவிட்டு நின்றார். மெஷினைக் கழற்றப் போகிறோம் என்று சிஸ்டர் சொன்னார்.

"கழட்டுங்க. ஆனா ஒண்ணு சொல்லுகேன்," என்றார் செல்லப்பண்ணன். "அந்தக் கெழக்குக் கரையில நான் சென்மத்துல போனதில்ல. ஒருத்தன்கிட்ட வாயத் தொறக்காம ஆறு காலடியில கொண்டு நிறுத்துனேன். நம்பர் தப்பல்ல சிஸ்டர். இந்தப் பிள்ள வண்டியக் கொண்டு போகாம காலக் கொண்டு போச்சு. அதாக்கும் தப்பு."

சிஸ்டர் பாயசத் தூக்கைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"ஸ்கூட்டிச் சாவியைக் குடு."

கொடுத்தேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் அதை மேஜைக்குள் போட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரையும் உள்ளே போட்டார். ஒரு கார்ச் சாவியை எடுத்து செல்லப்பண்ணனிடம் நீட்டினார்.

"பதிஞ்ச எல்லா வீட்டுக்கும் மறுபடி போங்க. ரெண்டு பேரும். கார்ல. காரை நிறுத்தி, கதவைத் தொறந்து, ரெண்டு அரிச்சாக்கோட எறங்கி நட. படிவத்துல ஒரு வரி சேர்த்துக்கோ: காலுக்குக் கீழே என்ன?" பிறகு என்னைப் பார்த்தார். "திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.

அந்தக் கேள்வி எங்களுக்குக் கொடுத்த விடைகளைப் படித்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். காலுக்குக் கீழே என்ன? நெல் காய்கிறது. மீன் வலை. ஆட்டுக்குட்டி. சித்தப்பாவோடு தகராறில் இருக்கும் மண், மிதிக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் பார்த்து எண்ணைத் தள்ளி வைத்தோம். அரிச்சாக்கு சுமந்தது நான்தான், செல்லப்பண்ணன் கதவைத் திறந்து பிடித்து, "எறங்கணும் மேடம், ஜித்தாவுல சொகந்தானே?" என்பார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடியது தெரியாது. ரெஜின் வீட்டார் அடுத்த கல்யாணத்தின் அழைப்பிதழில், வருகையை விரும்புவோர் பெயருக்குக் கீழே ஏழு இலக்கத்தையும் அச்சடித்தார்கள். ஊரில் பார்த்தவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று வந்தார்கள். பாத்திர வாடகைக்காரர், கேஸ் வண்டி, ஒரு ஆம்புலன்ஸ்காரர் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். 2010 வாக்கில் போன் எடுத்துப் பேசுகிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்பே நம்பரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு எல்லார் கையிலும் படம் காட்டுகிற போன் வந்தது. பயணி தான் இருக்கிற இடத்தைத் தானே அனுப்புகிறார். போன வருஷம் எண் பதிகிற பிரிவை மூடினோம், அதோடு என் வேலையும் முடிந்தது. எனக்கு வருத்தமில்லை, ஒரு நல்ல கணக்கை முடித்த மாதிரிதான் இருந்தது. பிரிவு உபசாரத்தில் சிஸ்டர் என் படிவக் கட்டுகளை பைண்டு செய்து கொடுத்தார்.

அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். போன் அனுப்புகிற புள்ளி ஆள் இருக்கிற இடம். வண்டியும் ஆளும் சந்திக்கிற இடத்தை அது இன்னும் சொல்வதில்லை. கரையில் அது கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். கடலில் அப்படியில்லை. ஆழ்கடலில் அடிபட்டு ஒருவனைப் படகில் கொண்டுவருகிறார்கள். படகு ஒரு இடத்தில் கரையேறுகிறது, ஆம்புலன்ஸ் வேறொரு இடத்தில் காத்து நிற்கிறது. நடுவே பாறையும் மணலும், சுமந்து ஓடுகிறார்கள். இந்தக் கடற்கரை நெடுக, படகின் முனையும் வண்டியின் பின்கதவும் ஒன்றையொன்று தொடுகிற இடங்கள் எவை? ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்தால், அதைப் படகுக்காரனும் டிரைவரும் ஒரே நேரத்தில் அடிக்கலாமே.

சிஸ்டரிடம் சொன்னேன். கரையிலிருந்து பார்த்து எதையும் எழுதாதே என்றார். ஒத்திகைக்கு ஸ்ட்ரெச்சரில் படுக்க ஆள் வேண்டுமே என்றேன். அவரே படுப்பதாகச் சொன்னார். செல்லப்பண்ணன் வண்டியை மணலில் எதுவரை கொண்டுவரலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கரையில் ஒருவரிடமும் கேட்கவில்லையாம், பெருமையாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பைபர் வள்ளம் பேசியிருக்கிறோம். எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் சானலில் மட்டும். பரவாயில்லை. இந்தத் தடவை தண்ணீர்ப் பக்கமிருந்து ஆரம்பிக்கிறேன்.